மாநகராட்சி வேலையின் சம்பளமும் சலுகைகளும்: கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

ஒவ்வொரு முறை குரூப் 4 கலந்தாய்வு முடியும்போதும் ஒரே கேள்வி பல வீடுகளில் எழுகிறது. "மாநகராட்சியில் இளநிலை உதவியாளர் வேலை. சம்பளம் 19,500 என்று போட்டிருக்கிறது. இப்போது தனியாரில் வாங்குவதே 28,000. விட்டுவிட்டுப் போகலாமா?" கேட்பவர் அடிப்படை ஊதியத்தையும் மாதாமாதம் கைக்கு வரும் பணத்தையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார். பதில் சொல்பவரோ பெரும்பாலும் "கவர்ன்மென்ட் வேலைப்பா, யோசிக்காதே" என்பதோடு முடித்துவிடுகிறார். இரண்டுமே போதாது. உட்கார்ந்து கணக்குப் போட்டால் அரைமணி நேரத்தில் தெளிவாகிவிடும் விஷயம் இது.

தமிழ்நாட்டில் இப்போது 25 மாநகராட்சிகள் இருக்கின்றன. 1688இல் தொடங்கிய சென்னையும் உண்டு, 2024இல் தரம் உயர்ந்த புதுக்கோட்டை, திருவண்ணாமலை, நாமக்கல், காரைக்குடியும் உண்டு. வருமானத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் நிரந்தரப் பணியாளரின் ஊதிய நிலை எல்லா இடத்திலும் ஒன்றுதான். மாநில அரசு ஊழியருக்கு வரும் ஊதிய ஆணையும் அகவிலைப்படி ஆணையும் உள்ளாட்சிப் பணியாளருக்கும் பொருந்தும். பணம் மட்டும் மாநகராட்சியின் நிதியிலிருந்து போகிறது: சொத்து வரி, தொழில் வரி, அதோடு மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி அரசு பகிர்ந்து கொடுக்கும் தொகை. பின்னால் முன்பணம், நிலுவை பற்றிப் பேசும்போது இது நினைவில் இருக்கட்டும்.

1. முதலில் நியமன ஆணையைப் படியுங்கள்

சம்பளத் தொகையைப் பார்ப்பதற்கு முன்னால் ஆணையில் எந்த வகைப் பணி என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். காலமுறை ஊதியம், தொகுப்பூதியம், தினக்கூலி, வெளிமுகமை என்று நான்கு வகை புழக்கத்தில் இருக்கின்றன. "ஊதிய நிலை 8, ரூ.19,500 – 71,900" என்பதுபோல் ஒரு நிலையின் எண்ணும் தொடக்கமும் முடிவும் இருந்தால் அது காலமுறை ஊதியம். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அவர்களுக்கானது. "மாதம் ரூ.20,000 தொகுப்பூதியம்" என்று ஒற்றைத் தொகை இருந்தால் அகவிலைப்படி கிடையாது, ஆண்டு ஊதிய உயர்வு கிடையாது, இங்கே சொல்லும் ஓய்வூதியமும் கிடையாது. ஆணையே மாநகராட்சியின் பெயரில் இல்லாமல் ஒரு ஒப்பந்த நிறுவனத்தின் பெயரில் இருந்தால் நீங்கள் மாநகராட்சிச் சீருடை போட்டாலும் மாநகராட்சி ஊழியர் இல்லை. அவர்கள் நேராக 9ஆம் பகுதிக்குப் போகலாம்.

ஒரே அலுவலகத்தில், ஒரே மேசையில், ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பேரில் ஒருவர் மற்றவரைப்போல் இரண்டு பங்கு வாங்குவது இந்த வகைப் பிரிவால்தான். வேலையில் சேரும் சந்தோஷத்தில் இந்த ஒரு வரியைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

2. ஊதிய நிலையைப் புரிந்துகொள்வது

இப்போது நடைமுறையில் இருப்பது 2017 அக்டோபரில் வந்த திருத்திய ஊதிய விதிகள். கணக்களவில் 2016 ஜனவரி 1 முதலும், பணமாக 2017 அக்டோபர் 1 முதலும் பொருந்தின. பழைய ஊதியத்தை 2.57ஆல் பெருக்கிப் புதிய அடிப்படை ஊதியம் வகுத்தார்கள். ஊதிய நிலைகள் 1இல் தொடங்கி 32 வரை போகும். அலுவலக உதவியாளர் நிலை 1, தொடக்கம் 15,700. இளநிலை உதவியாளர் நிலை 8, தொடக்கம் 19,500. உதவிப் பொறியாளர் நிலை 20, தொடக்கம் 37,700.

ஆண்டுக்கு ஒருமுறை 3 சதவீதம் உயர்வு. 19,500க்கு 3 சதவீதம் 585. அருகில் உள்ள நூறுக்குச் சரிசெய்து அடுத்த கட்டம் 20,100. பிறகு 20,700, 21,300 என்று போகும். பத்து உயர்வுகள் முடியும்போது 26,200 வரும். இடையில் பதவி உயர்வு கிடைக்காவிட்டாலும் 10 ஆண்டில் தேர்வு நிலை, 20 ஆண்டில் சிறப்பு நிலை என்று கூடுதல் உயர்வுக்கும் வழி உண்டு.

ஆண்டு உயர்வுக்குத் தமிழ்நாட்டில் நான்கு தேதிகள்: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. உங்கள் உயர்வு எந்தக் காலாண்டில் விழுகிறதோ அந்தக் காலாண்டின் முதல் நாளே கொடுத்துவிடுவார்கள். இதனால் ஒரு சின்ன விஷயம் பெரிதாகிறது. மார்ச் 31 அன்று பணியில் சேர்பவருக்கு ஜனவரி 1 உயர்வு தேதி. அதற்கு மறுநாள், ஏப்ரல் 1 அன்று சேர்பவருக்கு ஏப்ரல் 1. ஒரே ஒரு நாள் தள்ளிப் போனதற்கு ஒவ்வோர் ஆண்டும் மூன்று மாத உயர்வு, பணிக்காலம் முழுக்கப் போகிறது. ஆணை கையில் வந்ததும் "நல்ல நாள் பார்த்துச் சேரலாம்" என்று நினைப்பவர்கள், காலாண்டு முடியப்போகிறதா என்று நாட்காட்டியையும் சேர்த்துப் பாருங்கள். பணிமூப்பு என்று வேறு ஒரு காரணமும் இருக்கிறது. சேர்வதைத் தாமதிக்காமல் இருப்பதே நல்லது.

3. படிகள்

அடிப்படை ஊதியத்துக்கு மேல் முதலில் வருவது அகவிலைப்படி. ஒன்றிய அரசு அறிவிக்கும் விகிதத்தையே தமிழ்நாடும் பின்பற்றுகிறது. ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இரண்டு முறை மாறும். 2025 ஜனவரி 1 முதல் 55 சதவீதம், ஜூலை 1 முதல் 58 சதவீதம். இந்தக் கட்டுரையின் கணக்குகள் எல்லாம் 58இல்தான் போட்டிருக்கிறேன். அடுத்த அறிவிப்பு வந்தால் அந்த ஓர் எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாகச் சரியாகும்.

19,500இல் 58 சதவீதம் 11,310. இரண்டும் சேர்ந்து 30,810. "19,500 சம்பளம்" என்று பயந்தவருக்குப் பாதிப் பதில் இங்கேயே கிடைத்துவிடுகிறது.

வீட்டு வாடகைப்படி ஒன்றிய அரசில்போல் சதவீதக் கணக்கில் வராது. அடிப்படை ஊதியம் எந்த வரம்புக்குள் இருக்கிறது, ஊர் எந்தத் தரம் என்ற இரண்டையும் வைத்து ஒரு நிலையான தொகை. சென்னையில் வேலை பார்ப்பவருக்கும் சிறிய ஊரில் பார்ப்பவருக்கும் தொகை வேறு. உங்கள் பிரிவில் அந்த அட்டவணை நிச்சயம் இருக்கும், கேட்டு வாங்கிப் பாருங்கள். சென்னை வாடகையை இந்தப்படி ஈடுகட்டாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தனியார் சம்பளத்தோடு ஒப்பிடும்போது மாநகராட்சி வேலை உண்மையிலேயே தோற்கிற இடம் இதுதான். வெளியூரிலிருந்து குடும்பத்தோடு சென்னைக்கு வருகிறவர் முதல் ஐந்தாறு ஆண்டு கையைக் கடித்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டியிருக்கும்.

மருத்துவப்படி மாதம் 300 ரூபாய். நகர ஈட்டுப்படி என்று ஒன்று இருந்தது. 2020 மே மாதத்தில் எடுத்துவிட்டார்கள். இணையத்தில் கிடைக்கும் பல பழைய சம்பளக் கணக்குகளில் அது இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது, நம்ப வேண்டாம். பொங்கலுக்கு சி, டி பிரிவினருக்கு அதிகபட்சம் 3,000 ரூபாய் மிகை ஊதியம். ஏ, பி பிரிவினருக்குக் கிடையாது.

4. பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு?

இளநிலை உதவியாளர் ஒருவரின் முதல் முழுமாதச் சம்பளப் பட்டியலை வரி வரியாகப் பார்க்கலாம்.

அடிப்படை ஊதியம்: 19,500
அகவிலைப்படி 58 சதவீதம்: 11,310
மருத்துவப்படி: 300
இதுவரை கூட்டினால்: 31,110
வீட்டு வாடகைப்படி: ஊரைப் பொறுத்து இதற்கு மேல்

ஓய்வூதியப் பங்களிப்பு, அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்த 30,810இல் 10 சதவீதம்: 3,081
மருத்துவக் காப்பீடு, 2021ஆம் ஆண்டுத் திட்டப்படி: 300
குடும்பப் பாதுகாப்பு நிதி: 110
பிடித்தம் மொத்தம்: 3,491

வாடகைப்படியைச் சேர்க்காமல் கைக்கு 27,619 ரூபாய். அதோடு உங்கள் ஊருக்கான வாடகைப்படியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை பிடிப்பார்கள். அரையாண்டு வருமானம் 75,000க்கு மேல் போனால் 1,250 ரூபாய், ஆண்டுக்கு 2,500. அதற்கு மேல் வசூலிக்க அரசமைப்புச் சட்டமே இடம் கொடுக்கவில்லை. இந்த வரியை வசூலிப்பதும் உங்கள் மாநகராட்சிதான். வருமான வரியைப் பொறுத்தவரை, 2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரி வராது என்பதால் தொடக்க நிலைப் பணியாளர் கவலைப்பட வேண்டியதில்லை.

இதற்கு மேல் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கக் கடன், பண்டிகை முன்பணத் தவணை என்று ஏதாவது இருந்தால் அதுவும் போகும். சேர்ந்த சில மாதங்களிலேயே சங்கக் கடன் எடுக்கச் சொல்லி மேசைக்கு மேசை யோசனை வரும். அவசரத் தேவை இல்லையென்றால் கொஞ்சம் பொறுங்கள்.

5. விடுப்பும் பணம்தான்

தனியார் வேலையோடு ஒப்பிடும்போது பலர் மறந்துவிடும் பகுதி இது. என் கணிப்பில் மாநகராட்சி வேலையின் பலத்தில் பாதி இங்கே இருக்கிறது.

தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள். வரையறுக்கப்பட்ட விடுப்பு 3 நாள். ஊர்த் திருவிழாவோ உங்கள் மதத்துப் பண்டிகையோ அரசு விடுமுறைப் பட்டியலில் இல்லாதபோது இது உதவும். இரண்டையும் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியாது.

ஈட்டிய விடுப்புதான் முக்கியம். பணி நிரந்தரமானபின் ஆண்டுக்கு 30 நாள். ஜனவரியில் 15, ஜூலையில் 15 என்று கணக்கில் ஏறும். 240 நாள் வரை சேர்த்து வைக்கலாம். இதில் ஆண்டுக்கு 15 நாளைச் சரண்டர் செய்து பணமாக வாங்கிக்கொள்ளலாம். 2020இல் கொரோனா காலத்தில் நிறுத்திய இந்தச் சரண்டர் 2025 அக்டோபர் 1 முதல் திரும்ப வந்துவிட்டது. அடிப்படையும் அகவிலைப்படியும் மட்டும் வைத்துப் பார்த்தாலே நம் இளநிலை உதவியாளருக்கு 15 நாளுக்கு 15,405 ரூபாய். வீட்டில் பள்ளிக் கட்டணம் கட்டும் மாதத்தோடு இந்தப் பணம் சேர்ந்து வந்தால் அதன் அருமை தெரியும்.

ஓய்வு பெறும் நாளில் கணக்கில் இருக்கும் ஈட்டிய விடுப்பை, அதிகபட்சம் 240 நாள், கடைசி ஊதியத்தில் பணமாகக் கொடுப்பார்கள். எட்டு மாதச் சம்பளம். இன்றைய தொடக்க ஊதியத்தில் கணக்கிட்டாலே 2,46,480 ரூபாய். 60 வயதில் ஓய்வு பெறும்போது அடிப்படை பல மடங்கு உயர்ந்திருக்கும் என்பதால் தொகை இதைவிட மிகப் பெரிது. ஆகவே தற்செயல் விடுப்பில் சமாளிக்க முடிந்த வேலைக்கு ஈட்டிய விடுப்பைச் செலவழிக்காதீர்கள்.

மகப்பேறு விடுப்பு 12 மாதம், முழு ஊதியத்தோடு. 2021 ஜூலை 1 முதல் ஒன்பது மாதத்திலிருந்து ஓராண்டாக உயர்ந்தது. உயிரோடு இருக்கும் குழந்தைகள் இரண்டுக்கும் குறைவாக உள்ளவர்களுக்குப் பொருந்தும். தகுதிகாண் பருவத்தில் மகப்பேறு விடுப்பு எடுத்தால் அந்தக் காலம் கணக்கில் வராமல், கூடச் சேர்ந்தவர்களைவிடப் பெண்கள் பணிமூப்பில் பின்தங்கிப்போவது நீண்ட நாள் குறையாக இருந்தது. அந்தக் காலத்தையும் தகுதிகாண் பருவத்தில் சேர்ப்பதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். வேலையில் சேரும் வயதும் குழந்தை பெறும் வயதும் ஒன்றாக இருக்கும் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அந்த இடத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். உங்கள் விஷயத்தில் அது சரியாகப் பதிவாகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மருத்துவச் சான்றின் பேரில் எடுக்கும் விடுப்பு தனி. பணிக்காலம் கூடக்கூட அதன் உச்சவரம்பும் கூடும். சின்னக் காய்ச்சலுக்கெல்லாம் இதைத் தொடாமல் வைத்திருங்கள். பெரிய அறுவைச் சிகிச்சை, விபத்து என்று ஏதாவது வந்தால் சம்பளம் நிற்காமல் குடும்பத்தைக் காப்பாற்றுவது இதுதான்.

6. மருத்துவமும் குடும்பப் பாதுகாப்பும்

மாதம் 300 ரூபாய் பிடித்தத்துக்கு எதிராகக் கிடைப்பது புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2021இல் தொடங்கிய திட்டத்தின்படி நான்கு ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம், பட்டியலில் உள்ள சில பெரிய சிகிச்சைகளுக்கு 10 லட்சம் வரை. பட்டியலில் உள்ள மருத்துவமனையில் பணம் கட்டாமல் சேர்ந்து சிகிச்சை பெறலாம். புறநோயாளியாகப் பார்க்கும் செலவு இதில் வராது.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று: திருமணம் ஆகாத ஊழியருக்குப் பெற்றோர் குடும்பத்தில் சேர்வார்கள். திருமணம் ஆனதும் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் என்று குடும்பம் மாறிவிடும், பெற்றோர் வெளியே போய்விடுவார்கள். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து மருத்துவமனை வாசலில் நிற்கும்போது இதைத் தெரிந்துகொள்வது கொடுமை. திருமணம் முடிவானதுமே பெற்றோருக்குத் தனியாக ஒரு காப்பீடு பார்த்துவிடுங்கள். அட்டையில் பெயர் சேர்க்கும் வேலையையும் கல்யாணம் முடிந்த கையோடு, குழந்தை பிறந்த கையோடு முடித்துவிட வேண்டும்.

குடும்பப் பாதுகாப்பு நிதி மாதம் 110 ரூபாய்தான். பணியில் இருக்கும்போது ஊழியர் இறந்தால் குடும்பத்துக்கு 5 லட்சம். அதற்கு மேல் கருணை அடிப்படையில் வாரிசு ஒருவருக்கு வேலை கேட்கலாம்; இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பம் கொடுத்தாக வேண்டும். துக்கத்தில் இருக்கும் குடும்பம் ஒன்றிரண்டு ஆண்டைக் கவனிக்காமல் விட்டுவிடுவது நடக்கிறது. அந்த வீட்டுக்குப் போய் விண்ணப்பத்தை எழுதிக் கொடுப்பதைப் பணியாளர் சங்கங்கள் ஒரு கடமையாகவே செய்கின்றன. பாராட்ட வேண்டிய வேலை.

2025 மே மாதம் தமிழ்நாடு அரசு ஏழு வங்கிகளோடு செய்த ஒப்பந்தத்தின்படி அந்த வங்கிகளில் சம்பளக் கணக்கு வைத்திருக்கும் அரசு ஊழியர் விபத்தில் இறந்தால் ஒரு கோடி ரூபாய் வரை காப்பீடு உண்டு, ஊழியர் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. உங்கள் கணக்கு அந்தச் சம்பளத் தொகுப்பில் சேர்ந்திருக்கிறதா, மாநகராட்சிப் பணியாளராக உங்களுக்குப் பொருந்துகிறதா என்று கிளையில் எழுதிக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணச் சேமிப்புக் கணக்காகவே விட்டுவைத்தால் எதுவும் கிடைக்காது.

முன்பணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பண்டிகை முன்பணம் 10,000இலிருந்து 20,000 ஆகவும், திருமண முன்பணம் 5 லட்சமாகவும் 2025இல் உயர்ந்தன. காகிதத்தில் உரிமை ஒன்றுதான். ஆனால் பணம் மாநகராட்சியின் நிதியிலிருந்து வர வேண்டும் என்பதால், வருமானம் குறைந்த இடங்களில் வரிசை நீளும். கல்யாணச் செலவை இதை நம்பி மட்டும் திட்டமிடாதீர்கள்.

7. ஓய்வூதியம்

2003 ஏப்ரல் 1க்கு முன் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம். அதன்பின் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம், அலுவலகத்தில் சொல்வதுபோல் சி.பி.எஸ். ஊழியர் 10 சதவீதம், அரசுத் தரப்பு 10 சதவீதம், அதற்கு வட்டி. ஓய்வு பெறும்போது சேர்ந்த தொகையைக் கொடுத்து அனுப்பினார்கள். மாதாமாதம் ஓய்வூதியம் வரவில்லை. இருபது ஆண்டுக்கு மேலாக ஊழியர் சங்கங்கள் போராடியது இதற்காகத்தான்.

2026 ஜனவரி 3 அன்று தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம் அறிவிக்கப்பட்டது. கடைசி மாத ஊதியத்தில் 50 சதவீதம் ஓய்வூதியம், ஓய்வூதியர் இறந்தபின் அதில் 60 சதவீதம் குடும்ப ஓய்வூதியம், பணிக்கொடை 25 லட்சம் வரை. ஊழியரின் பங்கு அதே 10 சதவீதம், மீதிச் செலவு அரசுடையது. புதிதாகச் சேரும் ஒருவர் தனியார் வேலையோடு ஒப்பிடும்போது தட்டில் வைக்க வேண்டிய மிகப் பெரிய எடை இதுதான். அறிவிப்புச் செய்தியோடு நிற்காமல் அரசாணையையும் விதிகளையும் படியுங்கள். முழு ஓய்வூதியத்துக்கு எத்தனை ஆண்டு பணி வேண்டும், உள்ளாட்சிப் பணியாளருக்கு எந்த நிதியிலிருந்து கொடுப்பார்கள் என்ற இரண்டையும் தேடிப் பாருங்கள்.

எந்தத் திட்டமாக இருந்தாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. சேர்ந்த உடனே உங்களுக்குக் கணக்கு எண் வாங்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கணக்குத் தாளைப் பார்த்து, பன்னிரண்டு மாதப் பிடித்தமும் அரசின் பங்கும் ஏறியிருக்கின்றனவா என்று சம்பளப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஊர்மாற்றம் ஆன ஆண்டில் ஒன்றிரண்டு மாதம் விட்டுப்போவது சகஜம். அந்த ஆண்டே கேட்டால் ஒரு கடிதத்தில் முடியும். 25 ஆண்டு கழித்துக் கேட்டால் அந்தப் பில்லைப் போட்டவர், அந்த அலுவலகக் கட்டடம் இரண்டும் இருக்காது.

8. தனியார் வேலையோடு ஒப்பிடுவது

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். 28,000 தனியார் சம்பளமா, மாநகராட்சியா?

மாதக் கைச்சம்பளத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று, வாடகைப்படி சேர்ந்தால் மாநகராட்சி சற்று மேலே. ஆனால் ஒரு மாதத்தை வைத்து ஒப்பிடக் கூடாது. ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். ஒரு பக்கம் தனியாரின் ஆண்டுச் சம்பளம், போனஸ், நிறுவனம் கட்டும் வருங்கால வைப்பு நிதி, மருத்துவக் காப்பீடு. மறுபக்கம் மாநகராட்சியின் ஆண்டுச் சம்பளம், சரண்டர் தொகை, பொங்கல் மிகை ஊதியம், அரசுத் தரப்பு ஓய்வூதியப் பங்கு. பிறகு இதையே பத்தாம் ஆண்டுக்கு ஒருமுறை போடுங்கள். பதவி உயர்வே இல்லாமல் அடிப்படை 26,200 ஆகும் என்று பார்த்தோம். அகவிலைப்படி இன்றைய 58இலேயே நின்றாலும்கூட 41,396. நடைமுறையில் அகவிலைப்படி அப்படி நிற்பதில்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை ஊதியத் திருத்தமும் வரும். ஒன்றிய அரசின் எட்டாவது ஊதியக் குழு 2025இல் அமைந்துவிட்டது, தமிழ்நாடு எப்போது, எப்படித் திருத்தும் என்பது மாநில அரசின் தனி முடிவு.

இதற்குப் பிறகும் தனியாரே மேல் என்று வரும் ஆட்கள் உண்டு. நல்ல கணினித் திறமை உள்ளவர், பத்தாண்டில் சம்பளம் மூன்று நான்கு மடங்காகும் துறையில் இருப்பவர் இந்தத் தாளில் தெளிவாக வேறு பதிலைப் பார்ப்பார். உதவிப் பொறியாளர் பணிக்குக்கூட நல்ல கட்டுமான நிறுவனத்தில் இருப்பவர் ஒருமுறை யோசிக்கத்தான் வேண்டும். எழுத்தர், ஓட்டுநர், அலுவலக உதவியாளர், தூய்மைப் பணியாளர் போன்ற வேலைகளில் நிரந்தர மாநகராட்சிப் பணிக்கு இணையாக வெளிச்சந்தையில் எதுவும் இல்லை.

ஊக்கத்தோடு படிப்பவர்களுக்கு இன்னொன்று. துறைத் தேர்வுகளை டி.என்.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரண்டு முறை, மே மாதமும் டிசம்பரும் நடத்துகிறது. முதல் இரண்டு ஆண்டில், வேலை கழுத்தை நெரிப்பதற்கு முன், எழுதி முடித்துவிடுங்கள். பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் இல்லாமல் போகிறவர்களில் நிறையப் பேருக்குக் காரணம் இந்தத் தேர்வு பாக்கிதான்.

9. ஒப்பந்தப் பணியாளர்கள் பார்க்க வேண்டியவை

மேலே சொன்ன எதுவும் இவர்களுக்கு இல்லை. ஊரைச் சுத்தமாக வைத்திருக்கும் பெரும் கூட்டம் இவர்கள். 2025 ஆகஸ்டில் சென்னையின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் கட்டடத்துக்கு வெளியே பன்னிரண்டு நாளுக்கு மேல் உட்கார்ந்தார்கள். மாதம் ஏறக்குறைய 23,000 வாங்கியவர்கள், வேலை தனியார் நிறுவனத்துக்குப் போனால் பல ஆயிரம் குறையும் என்றார்கள். பணி நிரந்தரம் கேட்டார்கள். ஆகஸ்ட் 13 இரவு அப்புறப்படுத்தப்பட்டார்கள். மறுநாள் அமைச்சரவை காலை உணவு, காப்பீடு உள்ளிட்ட நலத்திட்டங்களை அறிவித்தது. நலத்திட்டங்கள் வரவேற்கத்தக்கவை. ஆனால் ஊதிய நிலை 1இல் 15,700 அடிப்படையும் 58 சதவீத அகவிலைப்படியும் சேர்ந்தாலே 24,806 ரூபாய், அதற்கு மேல் விடுப்பு, ஓய்வூதியம், வாரிசு வேலை. ஒரே குப்பையை அள்ளும் இரண்டு பேருக்கு இடையே இவ்வளவு தூரம் இருப்பது நியாயமில்லை என்றே நான் நினைக்கிறேன். ஒரு மாநகராட்சி "நல்ல சம்பளம் தருகிறோம்" என்று சொல்வதை நான் முதலில் உரசிப் பார்ப்பது இந்த இடத்தில்தான்.

இன்றைக்குச் சட்டம் கொடுக்கும் பாதுகாப்பையாவது விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். மாதச் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். வருங்கால வைப்பு நிதிக்கு உங்கள் பங்கு 12 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 12 சதவீதம். ஊதியம் 21,000 வரை இருந்தால் இ.எஸ்.ஐ.யும் உண்டு: உங்களிடம் 0.75 சதவீதம், நிறுவனம் 3.25 சதவீதம். நிறுவனத்தின் பங்கையும் சேர்த்து உங்கள் கூலியிலேயே கழிப்பது சட்டவிரோதம். சீட்டில் 24 சதவீதம் கழிந்திருந்தால் உடனே கேளுங்கள். உமங் செயலியில் உங்கள் கணக்கு எண்ணைப் போட்டால் எந்த மாதம் எவ்வளவு ஏறியது என்று தெரியும். பிள்ளைகளிடம் சொல்லி மாதம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இ.எஸ்.ஐ. அட்டை கையில் இல்லாமல் பிடித்தம் மட்டும் நடந்துகொண்டிருந்தால், உடம்பு சரியில்லாத நாளில்தான் அது தெரியவரும்.

ஒப்பந்ததாரர் கூலி கொடுக்கத் தவறினால் கொடுக்க வேண்டிய பொறுப்பு முதன்மை வேலை அளிப்பவருக்கு, அதாவது மாநகராட்சிக்கு வருகிறது. பழைய ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலும் இது இருந்தது, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டத்திலும் இருக்கிறது. ஆகவே புகாரை ஒப்பந்த மேற்பார்வையாளரோடு நிறுத்தாமல், மண்டல அலுவலகத்துக்கும் தொழிலாளர் துறைக்கும் எழுத்தில் கொடுங்கள். ஒருவர் தனியாகப் போவதைவிடப் பத்துப் பேர் கையெழுத்தோடு போவது நல்லது.

10. பணிப்பதிவேடும் குறை தீர்ப்பதும்

நிரந்தரப் பணியாளருக்கு எல்லாப் பலன்களும் கடைசியில் வந்து நிற்பது பணிப்பதிவேட்டில். எல்லோரும் எஸ்.ஆர். என்றுதான் சொல்வார்கள். சேர்ந்த தேதி, தகுதிகாண் பருவம் முடிந்த ஆணை, ஒவ்வோர் ஆண்டு உயர்வு, விடுப்புக் கணக்கு, தேர்ச்சி பெற்ற துறைத் தேர்வு, வாரிசு நியமனம் (நாமினேஷன்) எல்லாம் அதில் ஏற வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. நிர்வாகப் பிரிவு எழுத்தரிடம் "அண்ணா, என் எஸ்.ஆர். ஒரு தடவை பார்த்துக்கலாமா, நாமினேஷன் ஏறிடுச்சானு பார்க்கணும்" என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பார்கள். பார்த்ததும் கைபேசியில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த தேதி, பெயரின் எழுத்து, தந்தை பெயர் ஆகிய மூன்றும் ஆதாரிலும் பள்ளிச் சான்றிலும் உள்ளபடியே இருக்க வேண்டும். திருமணத்துக்கு முன் போட்ட வாரிசு நியமனத்தில் அம்மா பெயர் மட்டும் இருந்து, மனைவியும் குழந்தைகளும் பிறகு அலைவது நடக்கிறது. திருமணம் ஆனதும் மாற்றுங்கள்.

சம்பளத்தில் ஏதாவது குறைந்தால் முதலில் பில் போடுபவரிடம் வாய்மொழியாகக் கேளுங்கள். பாதி அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் எந்த மாதம், எந்தத் தலைப்பு, எவ்வளவு குறைந்தது, எந்த அரசாணைப்படி வர வேண்டும் என்ற நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதி, உங்கள் பிரிவுத் தலைவர் வழியாக ஆணையருக்கு மனுக் கொடுங்கள். நகலில் தேதியோடு ஒப்புதல் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, மனுவின் மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, கோப்பு இப்போது எந்த இருக்கையில் இருக்கிறது, குறிப்புப் பக்கங்களின் நகல் என்ற மூன்றை மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு, அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு. அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.